நிலைநிறுத்தும் சக்தி எண் 4

ஆழித்தீவுக் குடியரசின் அமைச்சரவைக்குத் திங்கட்கிழமைதோறும் ஒரு ரகசிய அறிக்கை போகும். இரண்டே பக்கம். முதல் பக்கத்தின் தலையில் ஓர் எண் இருக்கும். அடுத்த தொண்ணூறு நாளுக்குள் அரசாங்கம் கவிழ்வதற்கு எத்தனை சதவிகிதம் வாய்ப்பு என்று அது சொல்லும். அதன் கீழே ‘ஆபத்துகள்’. இரண்டாம் பக்கத்தில் ‘நிலைநிறுத்தும் சக்திகள்’. இதையெல்லாம் கணிப்பது நாடிமானி என்ற கணினி. அமைச்சர்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வடையில் கை வைப்பார்கள். பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் ஆளுக்கு இரண்டு வடை.

அந்த வருடம் ஆவணி மாதத்து அறிக்கையின் இரண்டாம் பக்கம் இப்படி இருந்தது. ஒன்று, ராணுவம். இரண்டு, அரிசிக் கையிருப்பு. மூன்று, எதிர்க்கட்சித் தலைவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பகை. நான்கு, தணிகாசலம், வயது அறுபத்தாறு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பிச்சாண்டி சலூன், படகுத்துறைத் தெரு.

தணிகாசலத்துக்கு இது தெரியாது. ஆபத்துகள் பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதில் தன் பெயர்தான் முதலில் இருக்கும் என்று மனதார நம்பியிருந்தவர் அவர். என்றைக்காவது போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும் என்று துண்டு, பல்பொடி, இரண்டு வேட்டி எல்லாம் வைத்து ஒரு பை கட்டி பீரோவுக்கு மேலே போட்டிருந்தார். பை மூன்று தடவை நைந்துபோய் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. போலீஸ்தான் வந்தபாடில்லை.

முதல் இருபது வருடம் அவர் அரசாங்கத்தைப் பஸ்ஸில் திட்டினார். பஸ்ஸுக்கு டிரைவரும் வேண்டாம், கண்டக்டரும் வேண்டாம் என்று ஆன பிறகு, பத்து வருடமாகப் பிச்சாண்டி சலூன் பெஞ்சில். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டரைக்குத்தான் எழுவார். முடி வெட்ட வேண்டாதவர்கள்கூட முடி வெட்ட வருவார்கள்.

“பெரியாஸ்பத்திரியில அஞ்சு டயாலிசிஸ் மெஷின். அதுல நாலுக்குத் துணி போத்தி ரெண்டு வருஷமாச்சு. தலைவர் சிலைக்குத்தான் தொறப்பு விழா வரைக்கும் துணி போத்துவாங்க. இதுக்கும் அதிபரே வந்து கயிறு இழுப்பாருன்னு வச்சிருக்கானுங்க போல.”

நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இருப்பவர் குலுங்கிச் சிரிப்பார். பிச்சாண்டி கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார். சொன்னவருக்கு மட்டும் உள்ளுக்குள் எரியும். மீதி இருக்கும் அந்த ஒற்றை மெஷினில்தான் அவர் மனைவி அஞ்சுகத்தின் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியவள். டோக்கன் வரிசை நீண்டு நீண்டு, இப்போது ஒன்பது நாளைக்கு ஒரு முறைதான் அவளுக்கு முறை வந்தது.

புரட்டாசி தொடக்கத்தில் அஞ்சுகம் மூச்சுத் திணறி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தணிகாசலமும் கூடவே கிடந்தார். பத்தாம் நாள் அவர் சலூனுக்கு வந்தபோது, சட்டை மடிப்புக் கலையாத ஓர் இளைஞர் பெஞ்சில் அவருக்காகக் காத்திருந்தார். பெயர் அறவாழி, கணிப்புத் துறையில் அதிகாரி என்று அடையாள அட்டையைக் காட்டினார்.

“ஐயா, உங்களுக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு மேலிடத்துல ரொம்பக் கவலைப்படறாங்க” என்றார்.

அரசாங்க ஆள் இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஆழித்தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தணிகாசலம் பெருமையோடு எழுந்து, வீட்டில் ஒரு பை இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். அறவாழி பதறிப்போய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். சித்தரத்தையும் பனங்கற்கண்டும். தொண்டைக்கு நல்லதாம்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். சலூன் சுவரில் ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்று ஒரு போர்டு தொங்குகிறதே, அதை ஐந்து வருடம் முன்பு அரசாங்கம்தான் எல்லா சலூனுக்கும் டீக்கடைக்கும் சங்கக் கட்டடத்துக்கும் இலவசமாகக் கொடுத்தது. அந்தப் போர்டு இருக்கிற இடத்தில்தான் ஜனங்கள் அரசியல் பேசுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. அதனால் நாடிமானியின் காதைப் போர்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

“ஒம்பது நாள் நீங்க வரல. பதினொண்ணுல இருந்த எண்ணு பத்தொம்பதுக்குப் போயிருச்சு. விலைவாசி ஏறல, சம்பளம் நிக்கல, எவனும் கொடி பிடிக்கல. காரணம் என்னன்னு தேடினா, இந்தப் போர்டுல உங்க குரல் இல்ல.”

“நான் இந்த அரசாங்கத்த எதிர்க்கறவன் தம்பி.”

“தெரியும் ஐயா. அதனாலதான் வேலை செய்யுது. ஜனங்க வயித்தெரிச்சலோட இங்க வராங்க. அவங்களுக்குச் சொல்லத் தெரியாதத நீங்க அழகாச் சொல்லிடறீங்க. சிரிக்கறாங்க. நமக்காக ஒருத்தர் கேட்டுட்டாருன்னு நிம்மதியா வீட்டுக்குப் போய் அங்கயும் சொல்லிச் சிரிக்கறாங்க. சாயந்தரத்துக்குள்ள பத்துப் பன்னெண்டாயிரம் பேருக்கு எரிச்சல் அடங்கிருது. அப்புறம் அவங்க எதுக்கு ஐயா தெருவுக்கு வரணும்?”

தணிகாசலம் கையிலிருந்த கற்கண்டுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக இடித்துத் தள்ளிக்கொண்டிருப்பதாக நினைத்த சுவருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவமானத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது. சிறையில் போட்டிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்து அஞ்சுகத்திடம் சொன்னார். டாக்டர் அளந்து சொல்லியிருந்த அன்றைய பங்குத் தண்ணீரைச் சின்ன டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டுக்கொண்டிருந்தவள், புரையேறும்படி சிரித்தாள்.

“இத கண்டுபிடிக்க ஒரு மெஷினு வேணுமா? ஆஸ்பத்திரியில என்கூட உக்காந்திருக்கறப்ப பல்ல நறநறன்னு கடிப்பீங்க. சலூனுக்குப் போயிட்டு வந்தா ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுட்டுக் குறட்டை விடுவீங்க. நெசமாவே கோபம் இருக்கறவங்களுக்கு அப்படித் தூக்கம் வருமா?”

அன்றைக்குத் தணிகாசலம் இரண்டாம் தரம் சோறு வாங்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், ஒரு முடிவோடு எழுந்தார். பேசித் தாங்கிய அரசாங்கத்தைப் பேசாமல் கவிழ்ப்பது. இதைவிடச் சுலபமான புரட்சி உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது.

மறுநாள் பத்து மணிக்குப் பெஞ்சில் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிச்சாண்டி, அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டார். பதில் இல்லை. ரேஷன் கடையில் எடை போடும் கண்ணுச்சாமி, தினமும் வந்து சிரித்துவிட்டுப் போகிறவர், இரண்டு மூன்று தடவை அரசாங்கத்தின் பேரை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் பதில் இல்லை. வந்தவர்கள் எரிச்சலோடு வந்து, அதே எரிச்சலோடு வழித்த முகத்தோடு திரும்பிப் போனார்கள். சிரிக்க வழியில்லாததால் யோசித்தார்கள். யோசித்ததை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எண் இருபத்து நான்குக்குப் போயிற்று. பிறகு முப்பத்து மூன்று. அந்தத் திங்கட்கிழமை அமைச்சரவையில் வடை இல்லை.

பதினோராம் நாள் உள்துறைத் துணை அமைச்சர் மாசிலாமணி இரண்டு கார்களோடு சலூனுக்கே வந்துவிட்டார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தில் துணியைக் கட்டி நுரை பூசச் சொல்லிவிட்டு, என்னையே திட்டுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று கெஞ்சினார். திட்ட விஷயம் போதவில்லை என்றால் பார்த்துக்கொள்ளட்டும் என்று, அரசாங்கத்தின் தவறுகளை நாற்பது பக்கத்துக்கு டைப் செய்து உதவியாளர் கையில் கொடுத்து வைத்திருந்தார். தணிகாசலம் புரட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் அவருக்கே தெரியாத தவறுகள். மனிதர்கள் உழைத்துத்தான் இருக்கிறார்கள்.

வீடு வேண்டுமா, பட்டம் வேண்டுமா, படகுத்துறைத் தெருவுக்கு உங்கள் பெயரை வைக்கட்டுமா என்று அமைச்சர் அடுக்கினார்.

“அந்த நாலு மெஷினையும் ஓட வைங்க. மறுநாளே பேசறேன்” என்றார் தணிகாசலம்.

இவ்வளவுதானா என்று அமைச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நுரையைத் துடைக்காமல் தணிகாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து அறவாழி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மெஷினைப் பழுது பார்த்தால் என்ன ஆகும் என்று நாடிமானியில் ஓட்டிப் பார்த்தார்களாம். நாற்பத்து நான்கு என்று வந்ததாம்.

“எப்படித் தம்பி? நல்லது செஞ்சா ஏறுமா?”

“மெஷினு ஓடினா வீட்டம்மா நல்லாயிருவாங்க. அப்புறம் நீங்க திட்டினாலும் அதுல உசிரு இருக்காது. தப்பித் தவறி நன்றின்னு ஒரு வார்த்தை வந்துட்டா, உங்கள ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அது மட்டுமில்ல ஐயா. கேட்டா நடக்கும்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுட்டா...” அவர் முடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். கடற்கரை ராணுவ ஆஸ்பத்திரியில் வீட்டம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துவிடலாம். திரை போட்ட கார் வந்து கூட்டிப்போகும். வெளியே தெரியக் கூடாது. பெரியாஸ்பத்திரியின் நாலு மெஷினும் துணிக்குள்ளேயே இருக்கும். ஐயா அதைப் பற்றி வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நல்ல பையன். சொல்லும்போது அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மாதிரி வேலைகளுக்கு அரசாங்கம் எப்போதும் நல்ல பையன்களாகப் பார்த்துத்தான் அனுப்புகிறது.

தணிகாசலம் உள்ளே போய் அஞ்சுகத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வீங்கிய கணுக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் வெகுநேரம் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. கொள்கை, வீம்பு, புரட்சி எல்லாம் அதில் போயிற்று. வெளியே வந்து சரி என்றார். அவரைக் குறை சொல்கிறவர்கள் தங்கள் வீட்டில் அப்படி ஒரு காலை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

விழித்ததும் அஞ்சுகம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“மத்தவங்க?”

“மொதல்ல நீ பொழச்சுக்க” என்றார்.

அவள் தலை வாரிக்கொண்டு காரில் ஏறினாள்.

தணிகாசலம் மறுபடியும் பேசினார். இரண்டு வாரம் அடைத்துக் கிடந்த தொண்டை. அப்படி ஒரு வேகத்தில் அவர் அதற்கு முன் பேசியதே இல்லை. சலூனுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டார்கள். முப்பத்து மூன்று இருபதானது, பிறகு ஒன்பது. அஞ்சுகத்துக்குக் கால் வீக்கம் வடிந்தது. டம்ளரில் கூடுதலாக இரண்டு விரல்கடைத் தண்ணீர் குடித்தாள். எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது என்று தணிகாசலம் தனக்குத் தானே தினமும் சொல்லிக்கொண்டார். தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

கார் வராத நாட்களில் அஞ்சுகம் பெரியாஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். மூன்று வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள். விட்டுவிட்டு வர மனம் இல்லை என்றாள். அப்படி ஒரு நாள் வந்தவள், மீன் விற்கும் செபமாலை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னாள். டோக்கன் கையில் இருந்திருக்கிறது. அதற்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் சலூனில் தணிகாசலம் அதைச் சொன்னார். ஆத்திரத்தோடுதான் ஆரம்பித்தார். ஆனால் நாக்குக்குப் பழக்கம் வேறு.

“டோக்கன மட்டும் பத்திரமா வச்சிருந்தாளாம் மகராசி. மேல போயும் அதக் காட்டிருப்பா. அங்கயும் அஞ்சுல நாலு வாசலுக்குத் துணி போத்திருப்பானுங்க.”

சலூன் அதிர்ந்தது. கண்ணுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, அண்ணன் வாயே வாய் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். எண் நான்குக்கு இறங்கியது. நாடிமானி வந்த பிறகு அவ்வளவு குறைவான எண் வந்ததே இல்லை. வடையோடு கேசரியும் வந்ததாகக் கேள்வி. தணிகாசலம் அன்றைக்கு வீட்டில் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காதுக்கு அது வந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு வராந்தாக் கதை எதையும் அவள் அவரிடம் சொல்வதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணி. தணிகாசலம் பேச்சின் நடுவில் இருந்தார். தெருவில் காலடிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஐம்பது அறுபது பெண்கள் நடந்து போனார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. இரண்டு பேர் சக்கர நாற்காலியில். சிலர் கையில் ஊசி குத்தும் இடத்தில் கட்டு. பலர் கையில் டோக்கன். முன்னால் அஞ்சுகம் நடந்தாள். அவளைக் கூட்டிப்போக வந்த திரை போட்ட கார், என்ன செய்வதென்று தெரியாமல் காலியாகப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

பாதி முகம் வழித்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் பிச்சாண்டியும் வாசலுக்கு வந்தார். தணிகாசலம் செருப்பை மாட்டாமல் ஓடினார். ஓடும்போது போன் அடித்தது. அறவாழி.

“ஐயா, அங்க என்ன நடக்குது? எண்ணு நாலுலதான் நிக்குது. எந்தப் போர்டுலயும் ஒண்ணும் வரலயே.”

“ஆஸ்பத்திரி வராந்தாவுல போர்டு மாட்டினீங்களா?”

அறவாழி கோப்பைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். நிபுணர் குழு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். அங்கே உட்கார்வது பெரும்பாலும் பெண்கள், குடும்ப விஷயம்தான் பேசுவார்கள் என்று குறிப்பு எழுதியிருந்தார்களாம்.

“குடும்ப விஷயம்தான் பேசிருக்காங்க தம்பி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு அஞ்சுகத்தின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. நிற்காமல் நடந்துகொண்டே, கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னாள். கடற்கரை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மெஷின் இருக்கிறது. அவள் போன ஆறு தடவையும் மற்ற பதினொன்றும் சும்மா கிடந்தன. நர்ஸுப் பெண் பூ கட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு முறை உள்ளவர்கள், முறை தவறியவர்கள் எல்லாரும் அங்கே போய்ப் படுக்கப்போகிறார்கள். உள்ளே விடாவிட்டால் வாசலில் படுப்பார்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“சொன்னா மறுநாளே சலூன்ல சொல்லிருவீங்க. நல்லாவும் சொல்லுவீங்க. எல்லாரும் சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க.”

அவருக்குப் பதில் இருந்தது. அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். ஆனால் அவள் சொன்னது உண்மை. முன்னால் நின்று ராணுவக்காரர்களிடம் தானாவது பேசட்டுமா என்று கெஞ்சினார்.

“வேண்டாம். வாயத் தொறக்காம நடங்க” என்றாள் அஞ்சுகம்.

நடந்தார். மணிக்கூண்டு திருப்பத்தில் டீக்கடை வாசலில் கண்ணுச்சாமி கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் ஏழெட்டுப் பேர். தணிகாசலத்தைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. என்ன அண்ணே விஷயம் என்று கண்ணுச்சாமி கேட்டபோது சிரிப்பு உதட்டிலேயே தயாராக இருந்தது.

தணிகாசலத்தின் நாக்கில் ஒன்று வந்து நின்றது. காலி காரையும், அதிபரையும், பூக் கட்டும் நர்ஸையும் ஒரே வரியில் கோத்த ஒன்று. முப்பது வருடத்தில் அப்படி ஒன்று அவருக்கு அமைந்ததில்லை. சொன்னால் அந்தத் திருப்பமே குலுங்கியிருக்கும். அவர் பல்லைக் கடித்து அதை விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

கண்ணுச்சாமி பதிலுக்காகக் காத்திருந்தார். பதில் வராமல் போகவே, உதட்டில் இருந்த சிரிப்பு என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லக் கலைந்தது. அப்போதுதான் அவர் அஞ்சுகத்தைப் பார்த்தார். அவள் பின்னால் வந்த ஒவ்வொருத்தியின் வீங்கிய கால்களையும் பார்த்தார். டீ கிளாஸைப் பாதியில் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கி அவர்களோடு நடந்தார். கடை வாசலில் நின்ற மற்றவர்களும் வந்தார்கள்.